ஒண்ணு போதும்

என் தம்பி ஆன்செல்மைப் புதைத்த நாளிலிருந்து அவன் மனைவி கிலேன் என்னை 'நீங்க' என்று கூப்பிடுகிறாள். இருபது வருஷத்துக்கு மேலாக 'நீ', 'வாடி', 'போடி' என்று பழகியவள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொந்தக்காரியிடம் நீயை விட்டு நீங்களுக்குப் போவது மரியாதை ஆகாது. மூஞ்சியில் கதவைச் சாத்துவதற்குச் சமம். சினோன் ஊருக்குள் யாரைக் கேட்டாலும் கிலேன் நாத்தனாரோடு பேசுவதே இல்லை என்பார்கள். அது பொய். பேசுகிறாள். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரொட்டி வேணுமா?" என்று கேட்கிறாள். இதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

காரணம் ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் புருஷன் நிலவறையில் விழுந்து கிடந்தபோது, தூக்க ஓடியவளை இடுப்போடு கட்டிப் பிடித்து நிறுத்தியது நான்தான். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். நான் விடவில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் விடமாட்டேன். ஆனால் அவளை இழக்க எனக்கு மனசில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். கட்டினவன் எவளையோ கூட்டிக்கொண்டு நாந்த் பக்கம் போய்விட்டான். தம்பியும் மண்ணுக்குள். மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்திதான். இவளும் எனக்கு அந்நியமாகிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

என் தொழில் வழிகாட்டி. ஒரு சிவப்புக் குடை வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப் பிடித்தால் கூட்டம் பின்னால் வர வேண்டும். காலையில் கோட்டையை வெளியிலிருந்து ஒரு சுற்று, வீராங்கனை ஜான் டார்க் குதிரையிலிருந்து இறங்கியபோது கால் வைத்ததாகச் சொல்லும் கிணற்று விளிம்பு, மரச்சட்டங்கள் கோணிக்கொண்டு நிற்கும் பழைய வீடுகள், தேவாலயம். மதியம் தம்பி வீட்டில் சாப்பாடும் ஒயினும். வருகிறவர்களுக்கு எங்கள் சரித்திரம் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குப் பசி எடுக்க வைக்கிற ஒரு நடை, அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பசிக்காத மனுஷனுக்குச் சரித்திரம் சொல்லி என்ன புண்ணியம்?

தம்பி வீடு கோட்டைப் பாறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. வீதியில் கடை, பின்னால் முற்றம், முற்றத்தின் கோடியில் பாறைக்குள் குடைந்த நிலவறை. கதவைத் திறந்தால் படிகள் இறங்கிப் பாதியில் வளைந்து திரும்பும். மேலே நின்று எட்டிப் பார்த்தால் வளைவு வரைக்கும்கூட முழுசாகத் தெரியாது. அதற்குக் கீழேதான் ஒயின் தொட்டிகள். அப்பா காலத்தில் விருந்தாளி எவனுக்கும் அங்கே வேலை இல்லை. பிறகு துளிர் விடும் மாதத்தில் பனி விழுந்து, இரண்டு வருஷம் தொடர்ந்து திராட்சைக் கொடியெல்லாம் கருகியது. ஒயினை மட்டும் நம்பினால் வீடு நிற்காது என்று ஆனதும் ஆன்செல்ம் என்னிடம் வந்தான்.

"அக்கா, உன் ஆளுங்களை இங்க கூட்டிட்டு வாயேன். கீழ நிலவறையைக் காட்டறேன். கிலேன் சமைச்சுப் போடுவா."

"கூட்டிட்டு வரேன். ஆனா அதுங்களுக்கு ஒயினுக்கும் வினிகருக்கும் வித்தியாசம் தெரியாதுடா."

"ரொம்ப நல்லது. உன் தம்பி ஒயினுக்கு அந்த மாதிரி ஆளுங்கதான் வேணும்."

அவன் அப்படித்தான். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த ஒயின்காரன் எங்கள் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

அக்டோபர் மாதத்தில் நிலவறையோடு விளையாடக் கூடாது. நசுக்கிய திராட்சை தொட்டியில் நொதிக்கும்போது ஒரு காற்று வெளியேறும். அதற்கு நிறம் இல்லை. சாதாரணக் காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிற மாதிரி தேங்கும். அதற்குள் போனவன் நாலு மூச்சு இழுப்பதற்குள் தடுமாறுவான். அதனால்தான் எங்கள் ஆட்கள் காலங்காலமாக அறுவடைக்குப் பிறகு கீழ்ப்படியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். சுடர் எரிந்தால் மனுஷன் இறங்கலாம். அணைந்திருந்தால் திரும்பி ஓட வேண்டியதுதான். நடை பழகும் வயதிலேயே இது எங்கள் உடம்பில் ஏறிவிடும். வளைவு திரும்பும்போது, யாரும் சொல்லாமலே, கண் தன்னால் கீழே வெளிச்சத்தைத் தேடும்.

அதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு. விழுந்தவன் பின்னால் இறங்கக் கூடாது. பக்கத்து ஊரில் தகப்பன் விழுந்தான், அவனைத் தூக்கப் போன மகன் விழுந்தான், மகனைத் தூக்கப் போன மருமகனும் விழுந்தான். ஒரே நிலவறையிலிருந்து மூன்று சவப்பெட்டி. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அறுவடை முடிந்து முதல் கிளாஸ் ஊற்றியதும் மற்றவர்கள் மாதிரி ஆரோக்கியத்துக்கு என்று வாழ்த்த மாட்டோம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து "ஒண்ணு போதும்" என்போம். செத்தால் ஒரு பெட்டியோடு நிற்கட்டும் என்று அர்த்தம். அப்பா சொன்னார், அம்மா சொன்னாள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே கிலேனும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அர்த்தம் தெரிந்துதான் சொன்னாள்.

விருந்தாளிகள் வர ஆரம்பித்ததும் இன்ஷூரன்ஸ்காரர்கள் நிலவறைக்குள் நெருப்பே கூடாது என்றார்கள். கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய விசிறி வந்தது. ஆன்செல்ம் தன் வேலை உடுப்பில் மாட்டிக்கொள்ள, காற்று கெட்டால் கத்துகிற ஒரு சின்னக் கருவியும் வந்தது. மெழுகுவர்த்தி போய்விட்டது. வெறும் டியூப் லைட் வெளிச்சத்தில் நிலவறை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று கிலேன் பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்திகளை வாங்கிப் படியெல்லாம் வைத்தாள். நிஜச் சுடரைவிட நன்றாகவே நடுங்கின.

"கல்லறையில வைக்கிற பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்குடி" என்றேன்.

"உன் வாயில நல்லதே வராதா? போட்டோவுல எவ்வளவு அழகா விழுது பாரு."

"அக்காவுக்கு ஜான் டார்க் காலத்துத் தீப்பந்தம் வேணுமாம், கிலேன்" என்றான் தம்பி. மூவரும் சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை வந்தது வடக்கே லீல் நகரத்துப் பக்கத்துக் கூட்டம். எல்லாரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதைப் போல் ஒரு தண்டனை கிடையாது. நாம் எதைச் சொன்னாலும் திருத்துவார்கள். அதில் மிசியே தெல்குர் என்று ஒருவர், வைக்கோல் தொப்பி போட்டவர், கிணற்றடியிலேயே ஆரம்பித்தார்.

"ஜான் இந்தக் கல்லுலதான் கால் வச்சாங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"கல்லு இங்க இருக்கு, மிசியே. காலுக்கு நான் எங்க போவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி மதாம் தெல்குர் அவரை முழங்கையால் இடித்தாள். "சும்மா வாயேன். போற இடமெல்லாம் மானத்தை வாங்கிக்கிட்டு."

தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். விருந்தாளிகள் என்பதால் ஆன்செல்ம் வெள்ளைச் சட்டையும் கோட்டும் போட்டிருந்தான். வேலை உடுப்பு, அந்தக் கருவியோடு, கடைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. விசிறி காலையிலிருந்து ஓடியதால் கீழே காற்று சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விசிறி ஓடினால் தொட்டி பேசுவது கேட்காது. அதைக் கேட்க வைப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. நிலவறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த விசிறிச் சுவிட்சைத் தானே அணைத்தான்.

"ஏறி வந்ததும் போட்டுக்கலாம்" என்றான் என்னிடம்.

கீழே தொட்டிப் பலகையில் காதை வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். உள்ளே சாறு கொதிக்கிற மாதிரி சளசளவென்று சத்தம். வயதான ஆசிரியைகள் சின்னப் பெண்கள் மாதிரி கெக்கலித்தார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லாரும் ஏறி வந்தோம். கடைசியாக வந்த ஆன்செல்மின் கையைக் கதவருகே மிசியே தெல்குர் பிடித்துக்கொண்டார். பீப்பாய் என்ன மரம், எத்தனை வருஷம் உழைக்கும், ஓக் மரத்துக்குப் பதில் வேறு மரம் போட்டால் என்ன ஆகும். தம்பிக்கு இப்படிக் கேட்கிற ஆளைப் பார்த்தால் வெல்லம். பேசிக்கொண்டே மேசைக்குப் போய்விட்டான். சுவிட்ச் இருந்த பக்கம் அவன் கை போகவே இல்லை. நானும் பார்க்கவில்லை, கிலேனும் பார்க்கவில்லை. அவள் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

முற்றத்தில் நீள மேசை. அடுப்பிலிருந்து உப்பி வந்த சின்ன ரொட்டிகளைக் கிலேன் சுடச்சுடக் கொண்டுவந்தாள். அவற்றைப் பிளந்து, கொழுப்பில் வேகவைத்துப் பிசைந்த பன்றி இறைச்சியையும் வெள்ளை பீன்ஸையும் அடைத்துத் தின்ன வேண்டும். குடிக்க பெர்னாஷ். இன்னும் நொதித்து முடியாத கலங்கல் ஒயின், இனிப்பாக இருக்கும், அக்டோபரில் மட்டும் கிடைக்கும். வருஷத்து முதல் கிளாஸ் என்பதால் நாங்கள் மூவரும் எழுந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தோம்.

"ஒண்ணு போதும்" என்றான் ஆன்செல்ம்.

"ஒண்ணு போதும்" என்றோம் நானும் கிலேனும்.

மேசைக் கோடியில் ஒரு குண்டு மனிதர் கிளாஸைத் தூக்கினார். "ஒண்ணு எப்படிங்க போதும்? எனக்கு மூணு ஊத்துங்க!"

மேசையே அதிர்ந்தது சிரிப்பில். ஆன்செல்ம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நாங்கள் விளக்கவில்லை. சாப்பிடுகிறவர்கள் முன்னால் சவப்பெட்டிக் கதையை எடுக்க முடியுமா?

சீஸ் வந்த நேரத்தில்தான் மதாம் தெல்குர் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரைக் காணோமே. தொப்பியைத் தேடறேன்னு அப்பவே எழுந்து போனாரு. கீழ விட்டுட்டாருன்னு நினைக்கிறேன். அங்கதான் போயிருப்பாரு."

"இருட்டுல படி தவறிடப் போறாரு. நான் பாக்கறேன் மதாம், நீங்க சாப்பிடுங்க" என்று ஆன்செல்ம் எழுந்தான். வாயில் இன்னும் ரொட்டி இருந்தது. "கிலேன், சீஸை மூடி வை. அக்கா பக்கத்துல வைக்காத, மிஞ்சாது."

என் தம்பி கடைசியாகப் பேசியது அதுதான்.

அவன் கதவைத் திறந்து இறங்கியதை என் இடத்திலிருந்து பார்த்தேன். வளைவில் ஒரு நொடி நின்று கீழே பார்த்திருப்பான். எங்கள் ஆட்கள் எல்லாரும் நிற்கிற நிற்பு அது. கீழே படிப்படியாக எல்லாச் சுடரும் அழகாக எரிந்துகொண்டிருந்தன. அவை எப்படி அணையும்? பேட்டரி தீர்ந்தால்தானே அணையும்! அவன் கண் வெளிச்சத்தைப் பார்த்துச் சரி என்றது, கால் இறங்கியது. வெளியூர்க்காரனாக இருந்தால் விளக்கை நம்பியிருக்க மாட்டான், மூக்கில் ஏறுகிற காரத்தைப் பார்த்துத் தயங்கியிருப்பான். எங்களுக்கு அந்தக் காரம் அக்டோபரின் வாசனை. சுடர் சொன்னால் போதும்.

சீஸை இரண்டு முறை சுற்றி அனுப்பியாயிற்று. கிலேன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என்ன, ரெண்டு பேரும் கீழயே உக்காந்து குடிக்க ஆரம்பிச்சிட்டாங்களா?" நான் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அவள் கதவருகே நின்று கூப்பிட்டாள். "ஆன்செல்ம்!" பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு அவள் தலை மெதுவாகச் சுவரின் பக்கம் திரும்பியது. சுவிட்சைப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சுவிட்சை அறைந்தாள். விசிறி கர்ஜித்தது. அடுத்த நொடி அவள் படியில் இருந்தாள். என் கையிலிருந்த தட்டுகள் எப்போது விழுந்தன என்று தெரியாது. இரண்டாவது படியில் அவள் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டி இழுத்து, கதவு நிலையில் என் காலை ஊன்றி, அப்படியே கல்லில் உட்கார்ந்தேன். நான் கனமானவள். அன்றைக்கு ஒருநாள்தான் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

"விடு ஒதீல்! விடுடி!"

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடுங்க!" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன். "யாரும் கிட்ட வராதீங்க, யாரும் இறங்காதீங்க!"

"என் புருஷன்டி! மூச்சை அடக்கிக்கிட்டுப் போய் இழுத்துட்டு வந்துடுவேன், விடு!"

"உன்னால தூக்க முடியாது கிலேன். நீயும் விழுவ."

"விழறேன்! உனக்கென்ன!"

அப்போதுதான் அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் பட்டது. நான் அவள் காதில் வாயை வைத்து, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், எங்கள் வீட்டு வார்த்தையைச் சொன்னேன். "ஒண்ணு போதும் கிலேன். ஒண்ணு போதும்." அவள் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு திமிறினாள்.

"கேக்குது! ஒதீல், கூப்பிடறான், கேக்குது எனக்கு!"

"விசிறி. அது விசிறிச் சத்தம்."

நான் என்ன கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கே நிச்சயமில்லை. விசிறி புதிது. உள்ளே எதுவோ உரசிக்கொண்டிருந்தது. விசிறியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன், அவளைப் பிடித்த மாதிரியே.

அந்த நேரத்தில் கடை வழியாக மிசியே தெல்குர் முற்றத்துக்குள் வந்தார். தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ஐஸ்கிரீம்.

"தேவாலயத்துல விட்டுட்டேன் போல. பெஞ்சு மேலயே இருந்தது" என்றார் சந்தோஷமாக. பிறகு எங்களைப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

மதாம் தெல்குர் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நிம்மதி அழுகை. அவள்மேல் தப்பில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கிலேன் கண் முன்னால் அப்படி அழுதவளை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். கிலேன் அவரைப் பார்த்தாள். ஐஸ்கிரீம் உருகி அவர் விரல் வழியாக வழிவதைப் பார்த்தாள். அதோடு திமிறுவதை நிறுத்திவிட்டாள். என் மடியில் ஒரு மூட்டை மாதிரி கனத்தாள்.

தீயணைப்புப் படைக்குத் தலைவன் ஃபிர்மன். எங்கள் ஊரில் அது தொண்டு வேலை. மற்ற நாளில் அவன் கூரை வேய்கிறவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இரண்டு பேராக இறங்கினார்கள். நான் கிலேனை இழுத்து முற்றத்து மூலைக்குக் கொண்டுபோய், அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். ஆன்செல்மை மேலே கொண்டுவந்ததும் சுற்றி நின்று நெஞ்சை அழுத்தினார்கள், அழுத்தினார்கள். பிறகு ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு அம்மாள் என் அருகே வந்து, மிகவும் மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில், "கோட்டைக்கு உள்ளே போறது இன்னிக்கு இருக்குமா, இல்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் உரிமத்தைப் பிடுங்கியிருப்பார்கள்.

கடைக்குள் கை கழுவப் போனபோது ஃபிர்மன் பின்னால் வந்தான்.

"ஒதீல், உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவன் கீழ கிடக்கல."

"என்னடா சொல்ற?"

"தொட்டி வரைக்கும் போயிருக்கான், அந்த ஆளைத் தேடி. அப்புறம் தெரிஞ்சிருக்கு. தவழ்ந்து ஏறியிருக்கான். வளைவுக்கு மேல கிடந்தான். தலை கதவைப் பாத்து." அவன் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினான். "நீ பிடிச்சது சரிதான். யாரா இருந்தாலும் பிடிச்சிருக்கணும். எங்களுக்குச் சொல்லித்தர்ற பாடமே அதுதான். ஆனா அவன் கிட்டத்துல இருந்தான்."

"எவ்வளவு கிட்டத்துல?"

"கேக்காத."

கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டேன். வளைவுக்கு மேல் என்றால், மூச்சை அடக்கிக்கொண்டு போய் ஒரு காலைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்திருக்க முடியாமலும் போயிருக்கலாம். இரண்டும் உண்மை. இரண்டோடும் நான்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

"கிலேன்கிட்ட சொல்லாத" என்றேன்.

"கேட்டா?"

"தொட்டிக்குப் பக்கத்துலன்னு சொல்லு. விழுந்ததும் போயிட்டான்னு சொல்லு."

அன்று சாயங்காலமே கேட்டாள். முற்றத்து பெஞ்சில், தோளில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். மேசையில் எச்சில் கிளாஸ்கள் அப்படியே இருந்தன.

"எங்க கிடந்தான் ஒதீல்? சொல்லு."

"கீழ. தொட்டிக்குப் பக்கத்துல. விழுந்த உடனே போயிட்டானாம், ஃபிர்மன் சொன்னான். நீ அங்க போய்ச் சேரவே முடிஞ்சிருக்காது."

தலையை ஆட்டினாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் மணிக்கட்டில் கட்டியிருந்த துணியை விரலால் தடவினாள். பொய்யே ஆனாலும் நல்ல பொய் என்று நினைத்தேன். ஒருத்தி சுமந்தால் போதும், இருவருக்கும் எதற்கு?

புதைத்த அன்று, கல்லறையில் ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து கைகொடுத்துப் போன பிறகு, நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். "வீட்டுக்குப் போகலாம் வா" என்றேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "நீங்க போங்க. நான் வரேன்" என்றாள். பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

குளிர்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. கொடி கத்தரிக்க ஆள் வைத்தாள். அந்த வருஷத்து ஒயினை ஊற்றிவிடுவாள் என்று ஊர் சொன்னது, ஊற்றவில்லை. கூட்டங்களை மறுபடி வரச் சொன்னதும் அவள்தான். நிலவறைக் கதவை மட்டும் பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டி வருவேன். அவள் சமைத்துப் போடுவாள். என்னிடம் "உப்பு எடுத்துக் கொடுங்க" என்பாள். கடித்த தழும்பு தெரியாமல் இருக்க நான் எப்போதும் நீளக்கைச் சட்டைதான். அவளுக்கு அது உறுத்தக் கூடாது என்று.

ஏப்ரலில் ஒருநாள். வரவேண்டிய கூட்டம் நேரே கடைக்கே வருவதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் முற்றத்து மேசையில் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். வெயில் நன்றாக அடித்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எத்தனை நாள் கிலேன் இப்படி? நான் உன்னைப் பிடிச்சேன். ஆமா, பிடிச்சேன். விட்டிருந்தா உன்னையும் சேத்துப் புதைச்சிருப்பேன். அதுக்கு என்னைத் திட்டு, அடி. இப்படிக் கொல்லாத."

அவள் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"நீங்க பிடிச்சதுக்கு எனக்குக் கோபமே இல்ல" என்றாள். "உங்க இடத்துல நான் இருந்தாலும் பிடிச்சிருப்பேன். வருஷா வருஷம் சொல்றதுதானே. தெரிஞ்சுதானே நானும் சொன்னேன்."

"அப்ப வேற என்ன?"

"எங்க கிடந்தான்?"

நான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். ஆறு மாதமாகக் காத்த பொய். காத்துக் காத்து, எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. வாய் தன்னால் சொன்னது.

"கீழதான். தொட்டிக்குப் பக்கத்துல."

கிலேன் கிளாஸை மேசையில் வைத்தாள். கோபமே இல்லாத குரலில், சமையல் பக்குவம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவனைக் குளிப்பாட்டினது நான். சவ அடக்கக்காரம்மா வேண்டாம்னா, நான் விடல. அவன் கையைக் கழுவினேன். பத்து நகமும் உடைஞ்சிருந்துது. நகத்துக்கு உள்ள எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. வர்றவங்க துணியில பாறை அழுக்கு ஒட்டக் கூடாதேன்னு அந்த மாசந்தான் நான் படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். கீழ அடிக்கல. வளைவுக்கு மேல மட்டும்தான் அடிச்சேன்."

நான் துணியை மேசையில் வைத்தேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். உக்காந்து ரெண்டு பேருமா அழுதிருக்கலாம்" என்றாள். "எனக்குன்னு வேற யாரு இருந்தா?"

"கிலேன்..."

"அப்ப அன்னிக்கு எனக்குக் கேட்டது விசிறி இல்ல."

அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. கடை வாசலில் மணி அடித்தது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட கூட்டம், வெளியே யாரோ எதற்கோ சிரித்தார்கள். கிலேன் ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு அவர்களுக்குக் கதவைத் திறக்கப் போனாள்.